விக்கிப்பீடியாவில் மருத்துவம் எழுத டாக்டராக இருக்க வேண்டுமா?

வடசென்னையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் பகுதியும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். டி.ஃபார்ம் படித்தவர், மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். "கடைக்கு வருகிறவர்கள் போனில் எதையாவது படித்துவிட்டு வந்து சந்தேகம் கேட்கிறார்கள். அதில் பாதி தப்பாக இருக்கிறது. நல்லதைத் தமிழில் எழுதி வைக்கலாமே என்றுதான் விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கினேன்" என்கிறார். சில மாதங்களாக வேலை முடிந்து வந்து இரவில் தொகுக்கிறார்.

சர்க்கரை நோய் பற்றிய பக்கங்களில் அவர் மூன்று விஷயங்களைச் சேர்த்திருக்கிறார். பாகற்காய்ச் சாறு சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று ஒரு வரி. மெட்ஃபார்மின் மாத்திரை ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்க வேண்டும் என்று இன்னொரு வரி. அப்புறம், ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து மொழிபெயர்ப்புக் கருவியை வைத்துக் கொண்டுவந்த இரண்டு பத்திகள். பாகற்காய் வரியை இன்னொரு பயனர் நீக்கிவிட்டார். இவர் ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் பிடித்து மேற்கோளாகக் கொடுத்துத் திரும்பச் சேர்த்திருக்கிறார். "விலங்கு ஆய்வு, மருத்துவக் கூற்றுக்குப் போதாது" என்று குறிப்பெழுதி அதையும் எடுத்துவிட்டார்களாம். மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன.

அவருடைய கேள்விகளை அவர் சொற்களிலேயே தருகிறேன். "யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிறார்கள், எழுதினால் எடுத்துவிடுகிறார்கள். நான் டாக்டர் இல்லை என்பதாலா? என் அப்பாவுக்கு அந்தச் சாற்றில் சர்க்கரை குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். பெரிய ஆய்வுகளைப் படிக்கப் போனால் பணம் கேட்கிறது. ஆதாரத்துக்கு நான் எங்கே போவேன்? தப்பாக எழுதி யாருக்காவது ஏதாவது ஆனால் என் மேல் கேஸ் வருமா? விட்டுவிடலாமா டாக்டர்?"

அன்புள்ள வாசகிக்கு,

விட்டுவிடாதீர்கள். சென்னையில் பொதுமருத்துவம் பார்க்கும் ஒருவராக இதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வருகிறவர்களும் போனில் தமிழில் தேடிவிட்டுத்தான் வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் எதையாவது விற்பவர்கள் எழுதியது. எதையும் விற்காத ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து எழுதுவது இந்த மொழியில் இன்னும் அபூர்வம்தான்.

உங்கள் வரி நீக்கப்பட்டதற்கும் நீங்கள் டாக்டர் இல்லை என்பதற்கும் தொடர்பு இல்லை. அதே வரியை நான் எழுதியிருந்தாலும் நீக்கியிருப்பார்கள், நீக்கவும் வேண்டும். அங்கே எழுதுகிறவரின் பட்டத்தைக் கேட்பதில்லை. எழுதிய வாக்கியத்தை எந்த மூலம் தாங்குகிறது என்றுதான் கேட்கிறார்கள். இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு டாக்டரின் அனுபவம் அவர் கண்ட நோயாளிகளோடு முடிந்துவிடும், அதில் ஞாபகப் பிசகும் கலந்திருக்கும். உங்களிடம் எதிர்பார்ப்பது நோயைக் கண்டுபிடிக்கும் திறமை இல்லை. ஒரு நல்ல மூலம் என்ன சொல்கிறதோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் தர வேண்டும், அவ்வளவுதான். மருந்துச் சீட்டைப் படித்து, பெயரும் அளவும் பிசகாமல் எடுத்துக் கொடுக்கிற உங்களுக்கு இந்தக் கவனம் புதிதல்ல.

ஆய்வுக் கட்டுரை கொடுத்தும் ஏன் எடுத்தார்கள்?

நீங்கள் மேற்கோள் காட்டிய கட்டுரையின் சுருக்கத்தைப் பார்த்தேன். எலிகளுக்குச் செயற்கையாகச் சர்க்கரை நோயை உண்டாக்கி, பாகற்காய்ச் சாரத்தைக் கொடுத்துப் பார்த்த சோதனை அது. எலியில் வேலை செய்த பல பொருட்கள் மனிதரிடம் வேலை செய்ததில்லை. அதனால் அந்தப் பயனர் எழுதிய குறிப்பு சரியானதே.

மனிதர்களிடம் செய்த ஆய்வாக இருந்திருந்தால் சரியா என்று அடுத்து கேட்பீர்கள். அதற்கும் பெரும்பாலும் 'போதாது' என்பதுதான் பதில். உங்கள் கடிதத்தில் இருக்கிற பெரிய தவறான எண்ணம் இதுதான், உங்களைப் போலவே பலரும் நினைக்கிறார்கள்: ஒரு பத்திரிகையில் வெளிவந்த ஓர் ஆய்வு என்றால் அதற்கு மேல் ஆதாரம் எதற்கு என்று. நம் ஊருக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி எவ்வளவு பயன் தருகிறது என்று பார்க்க, 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பக்கம், ஒரு மாபெரும் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஊசி மருந்து, இன்னொரு பகுதியினருக்கு மருந்தில்லாத ஊசி. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே முடிவு. இவ்வளவு பெரிய, இவ்வளவு கவனமான ஆய்வு. இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எழுத உட்கார்ந்தால், "பி.சி.ஜி. பயனற்றது" என்று எழுதிவிடுவார்.

இன்னொருவர் பிரிட்டனில் பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் 1950-களில் தொடங்கிய சோதனையை எடுத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். அங்கே முக்கால் பங்குக்கும் மேல் பாதுகாப்பு கிடைத்தது. அவர் "பி.சி.ஜி. காசநோயைப் பெருமளவு தடுக்கும்" என்று எழுதுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரிடமும் உண்மையான ஆய்வு இருக்கிறது, ஒழுங்கான மேற்கோளும் இருக்கிறது. ஆனாலும் படிக்கிற தாய்க்கு இரண்டு கட்டுரையுமே தவறான வழியைக் காட்டும்.

உலகெங்கும் நடந்த எல்லாச் சோதனைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர்கள் வேறொரு சித்திரத்தைத் தருகிறார்கள். பெரியவர்களிடம் பலன் இடத்துக்கு இடம் மாறுகிறது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகைகளை, குறிப்பாகக் காசநோய் மூளைக்காய்ச்சலையும் உடலெங்கும் பரவும் வகையையும், அது நன்றாகவே தடுக்கிறது. அதனால்தான் செங்கல்பட்டு முடிவு தெரிந்த பிறகும், இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு முதல் ஊசிகளில் ஒன்றாக பி.சி.ஜி. போடப்படுகிறது. கலைக்களஞ்சியத்தில் வர வேண்டியது இந்த மூன்றாவது சித்திரம். செங்கல்பட்டுச் சோதனையை அதற்குள் வரலாறாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அதையே முடிவாக வைக்கக் கூடாது.

இப்படி ஒரு கேள்வியைப் பற்றி வெளிவந்த எல்லாச் சோதனைகளையும் தேடி, தரம் பார்த்து, சேர்த்து மதிப்பிடுவதைத்தான் முறையான மீளாய்வு என்கிறோம். டாக்டர்கள் 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ' என்பார்கள். விக்கிப்பீடியாவில் மருத்துவக் கூற்றுகளுக்கு முதலில் தேட வேண்டியது இதுபோன்ற மீளாய்வுகளையும், உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) போன்ற அமைப்புகளின் வழிகாட்டு நெறிகளையும், மருத்துவக் கல்லூரிகளில் நடத்தப்படும் பாடநூல்களின் புதிய பதிப்புகளையும்தான். தனி ஆய்வு, எலி ஆய்வு, மருந்து கம்பெனியின் செய்திக்குறிப்பு, நாளிதழின் நலவாழ்வு இணைப்பு, 'பிரபல டாக்டர் சொல்கிறார்' வீடியோ இவற்றை நோயைப் பற்றிய கூற்றுக்குக் கொண்டுவராதீர்கள். நாளிதழ் வேறு இடத்தில் உதவும். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது என்பதற்கு நாளிதழ் நல்ல சான்று. சர்க்கரை நோய் எதனால் வருகிறது என்பதற்கு அது சான்று ஆகாது.

பாகற்காய் வரியை எப்படி எழுதலாம்?

இப்படிப்பட்ட மீளாய்வுகளைச் செய்து வெளியிடும் சர்வதேச அமைப்பான கொக்ரேன், 2012-இல் பாகற்காயைப் பற்றியே ஒன்றை வெளியிட்டது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் நடந்த நான்கு சோதனைகள், மொத்தம் 479 பேர். அது பயன்தரும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று முடித்திருந்தார்கள். இதை வைத்து நீங்கள் எழுதக்கூடியது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"பாகற்காய் மரபு மருத்துவத்தில் சர்க்கரை நோய்க்கு நெடுங்காலமாகப் பயன்படுத்தப்படுகிறது. மனிதர்களிடம் நடந்த நான்கு சோதனைகளை ஆராய்ந்த 2012-ஆம் ஆண்டு கொக்ரேன் மீளாய்வு, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு அதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று கூறியது."

இந்த இரண்டு வாக்கியங்களில் "பயன் இல்லை" என்று எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். போதிய சான்று இல்லை என்பது வேறு, பயன் இல்லை என்று நிரூபணமானது வேறு. புதியவர்கள் அடிக்கடி சறுக்குகிற இடம் இது. எடுக்கும்போதும் சறுக்குகிறார்கள், சேர்க்கும்போதும் சறுக்குகிறார்கள். இன்னொன்று, 2012 பழைய ஆண்டுதான். அதற்குப் பின் வந்த மீளாய்வுகளையும் தேடிப் பாருங்கள். இருந்தால் ஆண்டைச் சொல்லி அதையும் சேருங்கள், முடிவு மாறியிருந்தால் மாறியதாகவே எழுதுங்கள்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை குறைந்ததை நீங்கள் பார்த்தீர்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே மாதங்களில் அவர் மாத்திரையும் சாப்பிட்டார், சோற்றைக் குறைத்தார், காலையில் நடக்கவும் ஆரம்பித்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதில் எது குறைத்தது என்று ஒரே ஒருவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரு குழுக்களாகப் பிரித்துச் சோதனை செய்வதே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். அவர் சாற்றை விரும்பிக் குடிக்கிறார் என்றால் மாத்திரையை நிறுத்தாமல் குடிக்கட்டும். ஆனால் அவரைப் பார்க்கும் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். மாத்திரையும் சாறும் சேர்ந்து சர்க்கரை அதிகமாக இறங்கிவிட வாய்ப்புண்டு. வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள்.

"குணப்படுத்தும்" என்ற சொல்லைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டும். அந்த ஒரு சொல்லை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு, கால் புண்ணோடு வருகிறவர்களை இந்த நகரத்து டாக்டர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டம், தன் பட்டியலில் உள்ள நோய்களைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அந்தப் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது. நீங்கள் விளம்பரம் செய்யவில்லை, அதனால் அந்தச் சட்டம் உங்களைக் குறி வைக்கவில்லை. ஆனாலும் விளம்பரத்திலேயே கூடாது என்று நாடு முடிவு செய்த ஒரு வாக்கியம் கலைக்களஞ்சியத்தில் நிற்கலாமா?

இதைச் சித்த மருத்துவத்துக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சித்த நூல்கள் ஒரு மூலிகையைப் பற்றி என்ன சொல்கின்றன என்று அந்த நூல்களையே சான்றாக வைத்து எழுதலாம், அது நம் அறிவு வரலாறு. ஆனால் இன்றைய நோயாளிக்கு அது பலன் தருகிறதா என்ற கேள்வி வந்தால் மெட்ஃபார்மினுக்கு என்ன அளவுகோலோ அதுவேதான் நிலவேம்புக்கும்.

எண்களை எழுதும்போது

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது பழைய புத்தகம். திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு தமிழ் மருத்துவ நூலை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 140 இருந்தால்தான் நோய் என்று போட்டிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன், ஒரு காலத்தில் அதுதான் எல்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 1997-இலும் உலக சுகாதார நிறுவனம் 1999-இலும் அதை 126 ஆகக் குறைத்தன. 130 இருக்கிற ஒருவர் அந்தப் பழைய எண்ணைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவார். பொதுவாக, கடந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் வந்த மூலங்களுக்கு முதலிடம் கொடுங்கள். அதிகம் ஆராயப்படாத அரிய நோய்களுக்கு மட்டும் பழையதை ஏற்கலாம்.

இரண்டாவது, சதவீதம். சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களிடம் உணவும் நடைப்பழக்கமும் மாற்றப்பட்டபோது நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. இதை மட்டும் எழுதினால், நூறு பேரில் 28 பேர் தப்பித்தார்கள் என்று பலர் படிப்பார்கள். உண்மையில் மூன்று ஆண்டுகளில், எதுவும் மாற்றாதவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது, மாற்றியவர்களில் 39 பேருக்கு வந்தது. தப்பியது நூற்றுக்கு 16 பேர். 55-இல் 16 குறைந்ததைத்தான் அந்தச் சதவீதம் சொல்கிறது. அதுவே பெரிய விஷயம், ஊதிப் பெருக்கத் தேவையில்லை. முடிந்த இடத்திலெல்லாம் 'நூறு பேரில் இத்தனை பேர்' என்று எழுதுங்கள், தமிழில் அது இயல்பாகவும் வரும்.

எண்கள் ஒன்றோடொன்று மோதும் இடமும் வரும். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் ஏழரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவு என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021-இல் கணித்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு, 2023-இல் 10.1 கோடி என்றது. எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். யார், எந்த ஆண்டு, எப்படிக் கணித்தார்கள் என்று சேர்த்து இரண்டையும் தந்துவிடுங்கள்.

பணம் கொடுக்காமல் ஆதாரம் கிடைக்குமா?

நிறையக் கிடைக்கும். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெட்டில் தேடுவது இலவசம். அதில் தேடியதும் இடது பக்க வடிகட்டியில் 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ', 'இலவச முழுக் கட்டுரை', 'ஐந்து ஆண்டுகள்' ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுங்கள். ஆயிரக்கணக்கில் வந்து மிரட்டிய பட்டியல் படிக்கக்கூடிய அளவுக்குச் சுருங்கிவிடும். ஐ.சி.எம்.ஆர். 2018-இல் வெளியிட்ட இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கான வழிகாட்டு நெறி இலவசமாகவே கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டிகளும் அப்படியே. கொக்ரேன் மீளாய்வுகளுக்கு எளிய மொழிச் சுருக்கம் உண்டு, சிலவற்றுக்குத் தமிழிலும் உண்டு. பாடநூல் பார்க்க வேண்டுமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள்.

பணம் கேட்கும் இதழ்களுக்கு விக்கிப்பீடியா நூலகம் என்று ஒரு வசதி இருக்கிறது. கணக்குத் தொடங்கி ஆறு மாதம், மொத்தம் 500 தொகுப்புகள், கடைசி ஒரு மாதத்தில் 10 தொகுப்புகள், எந்தத் தடையும் இல்லாமை ஆகியவை இருந்தால் பல பதிப்பகங்களின் இதழ்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். எழுத்துப்பிழை திருத்துவதும் தொகுப்புதான் என்பதால் நீங்கள் சீக்கிரமே அந்த இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

பப்மெட்டில் இருப்பதாலேயே ஒரு கட்டுரை நம்பகமானது என்று எண்ணிவிடாதீர்கள். அது ஒரு பட்டியல், தரச்சான்று அல்ல. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998-ஆம் ஆண்டின் லான்செட் கட்டுரை இன்றும் அங்கே இருக்கிறது. வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது, 2010-இல் இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. திரும்பப் பெற்றவற்றின் தலைப்புக்கு மேல் பப்மெட் பெரிதாக அறிவிப்புப் போடும், அதைப் பார்க்காமல் மேற்கோள் எடுக்கக் கூடாது. காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் போலி இதழ்களும் நம் நாட்டில் நிறைய உண்டு. 2013-இல் சயன்ஸ் இதழுக்காக ஒரு நிருபர் வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த பொய்க் கட்டுரை ஒன்றை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. "ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம்" என்று விளம்பரம் செய்யும் இதழைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள்.

மாத்திரை அளவும் மொழிபெயர்ப்பும்

நீக்கப்படாமல் இருக்கும் இரண்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். மெட்ஃபார்மின் அளவு வரியை இன்றே நீங்களே எடுத்துவிடுங்கள். நீங்கள் எழுதிய எண் தவறு என்பதற்காகச் சொல்லவில்லை. சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்கு அந்த மாத்திரையே கூடாது, கொஞ்சம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியும், படிக்கிறவருக்குத் தெரியாது. ஒரு எண்ணைக் கண்டால் தன் எண் என்றே எடுத்துக்கொள்வார். நோய் என்ன, மருந்து எப்படி வேலை செய்கிறது, பக்கவிளைவுகள் என்ன, யாருக்குக் கூடாது என்பது வரை எழுதலாம். "நீங்கள் இவ்வளவு சாப்பிடுங்கள்" என்பது டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் இருக்க வேண்டிய பேச்சு.

மொழிபெயர்த்த பத்திகள் விஷயத்தில், ஆங்கில விக்கிப்பீடியாவில் இருப்பதால் சரியாகத்தான் இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு விக்கிப்பீடியாவுக்கு இன்னொரு விக்கிப்பீடியா ஆதாரம் ஆகாது. மொழிபெயர்க்க உரிமம் அனுமதிக்கிறது, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று தொகுப்புச் சுருக்கத்தில் குறித்தால் போதும். ஆனால் அங்கே உள்ள ஒவ்வொரு மேற்கோளையும் நீங்களே திறந்து பார்த்திருக்க வேண்டும். கருவி தந்த தமிழையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்கள் இரண்டாவது பத்தியில் "ஆபத்தைக் குறைக்கலாம்" என்று வர வேண்டிய இடத்தில் "ஆபத்தைக் குறைக்கிறது" என்று வந்திருக்கிறது. 'கலாம்' என்ற ஈறு போனதும் ஒரு சாத்தியம் உறுதிமொழியாகிவிட்டது. நாளிதழ்களிலிருந்தும் புத்தகங்களிலிருந்தும் வரிகளை அப்படியே எடுப்பது மட்டும் கூடவே கூடாது, அது பதிப்புரிமை மீறல். தகவலை எடுத்துக்கொண்டு உங்கள் நடையில் எழுதுங்கள்.

கேஸ் வருமா?

நான் வழக்கறிஞர் இல்லை, அதனால் பொதுவான நிலையை மட்டும் சொல்கிறேன். தன் பங்களிப்புக்குத் தானே பொறுப்பு என்பது விக்கிப்பீடியாவின் பயன்பாட்டு விதிகளிலேயே இருக்கிறது. மருத்துவ ஆலோசனை தருவதில்லை என்ற பொதுவான பொறுப்புத்துறப்பும் அங்கே உண்டு. ஒரு நோயைப் பற்றி நல்ல மூலத்தை வைத்து நடுநிலையாக எழுதுகிறவர் இதற்காகப் பயந்து தூக்கம் கெட வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட மருத்துவமனையையோ டாக்டரையோ குறை சொல்லி எழுதினால்தான் அவதூறு என்ற சிக்கல் வரும், புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். கடைக்கு வரும் மருந்துச் சீட்டுகளைப் பெயரை மறைத்துப் படமாகப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது நோயாளியின் தனிப்பட்ட விஷயம், அவர் உங்களிடம் கொடுத்தது மருந்து வாங்கத்தான்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். கடைக்கு வரும் ஒரு மருந்து கம்பெனி ரெப், "எங்க பிராண்டையும் அந்தப் பக்கத்துல சேர்த்துடுங்க மேடம், ஏதாவது பாத்துச் செய்றோம்" என்றாராம். இதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். பணமோ பரிசோ வாங்கிக்கொண்டு தொகுத்தால் யாருக்காகச் செய்கிறோம் என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று பயன்பாட்டு விதி சொல்கிறது, 2014 முதல் இது கட்டாயம். அறிவித்துவிட்டுச் செய்தாலும் உங்கள் நல்ல பெயர் போய்விடும். முடியாது என்று சொல்லிவிடுங்கள். கட்டுரைகளில் மருந்தின் பொதுப்பெயரை மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் பயனர் பக்கத்தில் "மருந்துக் கடையில் பணிபுரிகிறேன்" என்று ஒரு வரி எழுதி வைப்பதும் நல்லது, கடைப் பெயர் தேவையில்லை.

நீக்கியவரிடம் என்ன பேசுவது?

அவர் உங்களுக்கு எதிரி இல்லை. மருத்துவப் பக்கங்களைக் கவனித்துக்கொள்ளும் ஒருவர் உங்கள் வரியைப் படித்து, மேற்கோளைத் திறந்து பார்த்து, காரணமும் எழுதியிருக்கிறார். அந்த மெனக்கெடலுக்கு மதிப்புக் கொடுங்கள். மூன்றாவது முறையாக அதே வரியைச் சேர்க்காதீர்கள். நீங்கள் சேர்க்க அவர் நீக்க என்று போய்க்கொண்டே இருந்தால் தொகுப்புப் போர் என்று இருவரையும் நிறுத்திவைக்க விதி இருக்கிறது. கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் இப்படி எழுதலாம்: "வணக்கம். விலங்கு ஆய்வை நீக்கியது சரி. 2012 கொக்ரேன் மீளாய்வை வைத்துக் கீழ்க்கண்ட இரண்டு வாக்கியங்களைச் சேர்க்க எண்ணுகிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்." சில நாள் காத்திருங்கள். பதில் வராவிட்டால் சேர்த்துவிடலாம். பதில் வந்து கருத்து வேறுபட்டால் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான 'ஆலமரத்தடி'யில் மற்றவர்களைக் கேளுங்கள், அனுபவமுள்ளவர்கள் அங்கே வருவார்கள்.

அடுத்த சில வாரங்களுக்குப் புதுப் பத்திகள் வேண்டாம். ஏற்கெனவே உள்ள மருத்துவக் கட்டுரைகளில் 'சான்று தேவை' என்று குறிக்கப்பட்ட வாக்கியங்களை ஒரு நாளைக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். மூலம் கிடைத்தால் ஆண்டோடும் பப்மெட் எண்ணோடும் சேருங்கள். மூலம் வேறு மாதிரி சொன்னால் வாக்கியத்தை அதற்கேற்ப மாற்றுங்கள். எங்குமே கிடைக்கவில்லை, படிக்கிறவருக்குத் தீங்கும் செய்யக்கூடியது என்றால் காரணம் எழுதி நீக்கிவிடுங்கள். இரவில் அரை மணி நேரம் போதும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மருந்துகளிலிருந்தே ஆரம்பிக்கலாம்: பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., இரும்புச்சத்து மாத்திரை. கடையில் தினமும் கேட்கப்படுகிற இந்த மூன்றின் பக்கங்களைச் சரிபார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்த வாக்கியத்துக்கு மூலம் கிடைக்கவில்லை என்று அதில் சொல்லுங்கள், சேர்ந்து தேடலாம்.